மாதிரிப் படத்தில் இருப்பவள்

முரளி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது உன் அப்பா "ம்" என்றார். அந்த "ம்"முக்கு நீ பயந்திருப்பாய். பயப்படாதே, கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அவரிடமிருந்து அதுதான் கிடைக்கிறது. அம்பாங்கில் ஆபீஸில் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன், இப்போது கிள்ளானில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மேசை போட்டு, சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு இன்டர்நெட்டில் பேஜ் செய்து கொடுக்கப் போகிறாயாம். பூக்கடைக்காரர், தையல்கார அக்கா, கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர் எல்லோரும் உன்னைத் தேடி வருவார்களாம். வரட்டும். நம் வீட்டுக்குச் சொந்தத் தொழில் புதிதில்லை. நீயே நம் பிரிக்பீல்ட்ஸ் போட்டோ ஸ்டூடியோ கவுண்டருக்குக் கீழே பேப்பர் பெட்டியில் தூங்கி வளர்ந்தவன்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக அப்பாவிடம் இன்னொன்று கேட்டாய். நம் ஸ்டூடியோவின் பழைய பேஜில் இருந்த மாதிரிப் படத்தை உன் புது பேஜில் போட்டுக்கொள்ளலாமா என்றாய். உன் கையால் செய்த முதல் வேலை அது, வருபவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றாய். அவர் "எடுத்துக்கோயேன்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்த பேஜைச் செய்தவன் நீதான், ஆனால் அது என்ன செய்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லிவிட்டு, படம் உனக்கு உண்டா இல்லையா என்று சொல்கிறேன்.

நம் தொழில் என்னவென்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போர்டில் கல்யாணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் என்று எழுதியிருந்தாலும் அடுப்பு எரிந்தது இறந்தவர்களால்தான். ரப்பர் தோட்டத்து ஜனங்கள் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போன பிறகு சொந்தக்காரர்கள் ஓடி வருவார்கள், கையில் போனவரின் ஐசி, அந்த அடையாள அட்டை மட்டும் இருக்கும். அதில் கட்டை விரல் அளவுக்கு ஒரு முகம், திருடனைப் பிடித்து வைத்தது மாதிரி முறைத்துக்கொண்டு. அந்த முகத்தைப் பெரிதாக்கி, வெட்டி, நல்ல உடம்பு ஒன்றில் ஒட்டி, மறுபடி படமெடுத்து, வண்ணம் தீட்டி, பதினாறாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். படமெடுப்பது அப்பா, ஒட்டுவதும் தீட்டுவதும் நான். ஆண்களுக்கு உன் அப்பாவின் கோட்டுப் போட்ட உடம்பு. பெண்களுக்கு என்னுடையது. கல்யாணமான புதிதில் நீலப் பட்டுப்புடவை கட்டி, மடியில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவர் ஒரே ஒரு படம் எடுத்தார். அதற்குப் பிறகு கிள்ளானிலும் ஜெஞ்சாரோமிலும் செத்துப்போன பொம்பளைகள் எல்லோரும் கழுத்துக்குக் கீழே நானாகிவிட்டார்கள்.

அப்போதெல்லாம் அது எனக்குச் சிரிப்புதான். ஒருமுறை ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன், சுவரில் இரண்டு படம், மாமியாரும் மருமகளும். உயிரோடு இருந்தவரை ஒரே அடுப்பில் சமைக்காதவர்களாம். இரண்டு பேரும் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்து ஓர் அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். அப்படிப்பட்டவள் நான். பேய், கண்ணேறு, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் வாயைப் பிடுங்கிக் கிண்டல் செய்வேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருவதைச் சொல்கிறவள் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஊர் முழுக்கக் கலர் லேப் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, கவுண்டரில் ஈ உட்கார்ந்தது. நீ காலேஜில் கடைசி வருஷம். "மா, இன்டர்நெட்ல போடலாம் லா. தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாம் இப்ப ஆபீஸ்ல வேலை செய்யுது. அங்கருந்தே ஐசி படத்த அனுப்புவாங்க, நாம செஞ்சு தபால்ல போட்டுடலாம்" என்றாய். எனக்குச் சட்டென்று புரிந்தது, அப்பாவுக்குப் புரியவில்லை. பேஜுக்கு ஒரு மாதிரிப் படம் வேண்டும் என்றாய், மாலை போட்டு, பொட்டு வைத்து, கீழே விளக்கு எரிகிற மாதிரி முழுசாக. வாடிக்கையாளர்களைக் கேட்டேன். "எங்கம்மாவ கடைத்தெருவுல மாட்டி வைக்கவா?" என்று ஓர் அக்கா சீறிவிட்டுப் போனாள். அதற்குமேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. என் படத்தையே போடு என்றேன். அந்த நீலப்புடவைப் படம்தான், முகமும் என்னுடையது, முழுசாக நான். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "உசுரோட இருக்கறவளுக்கு யாராவது மாலை போடுவாங்களா?" என்றார். அன்றைக்குத்தான் அவர் "ம்" தவிர வேறு வார்த்தை பேசினார், நான் கேட்கவில்லை. "வெறும் சாம்பிள்தானேங்க" என்றேன். மாலையை நீ கம்ப்யூட்டரில் போட்டாய், பொட்டை எங்கே வைப்பது என்று நான் பக்கத்தில் நின்று விரலால் காட்டினேன்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. இதில் நீ கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, உன் கடைக்காரர்களுக்குச் சொல்லு. வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும். விலையை மறைக்கக் கூடாது. என்னால் முடியாததை முடியாது என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும், அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் நம்பி வந்தார்கள். இரண்டு விரலால் தட்டித் தட்டி நானே எல்லோருக்கும் பதில் எழுதினேன். நான் இன்டர்நெட்டில் இருக்கும்வரை கடை போன் வேலை செய்யாது, அதற்காக அப்பா முணுமுணுப்பார். அந்தச் சில மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பேஜின் அடியில் நீ ஒரு கெஸ்ட்புக் வைத்திருந்தாய், வருபவர்கள் இரண்டு வரி எழுதட்டும் என்று. முதலில் படம் நன்றாக வந்தது, நன்றி என்று எழுதினார்கள். ஒருநாள் யாரோ "அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதினார்கள். மறுநாள் இன்னும் மூன்று பேர். மாதிரி என்று நீ போட்டிருந்த சின்ன எழுத்தை யாரும் படிக்கவில்லை, மாலையைத்தான் பார்த்தார்கள். பிறகு என்னைத் தெரிந்தவர்களே எழுத ஆரம்பித்தார்கள். கிள்ளானில் என்னோடு படித்த ஒருத்தி, மழையில் நான் அவளுக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனதை எழுதி, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று முடித்திருந்தாள். நீ கேட்டாய், "மா, இதெல்லாம் எடுத்துடட்டா? நீங்க நல்லா இருக்கீங்கன்னு எழுதிடட்டா?" இருக்கட்டும், இதைப் பார்க்க நாலு பேர் வந்தால் அதில் ஒருவர் ஆர்டர் கொடுப்பார் என்றேன். கூட்டம் கூடுகிறதே என்று ஒரு பொய்யை அப்படியே விட்டுவைத்தேன். அது ஒரு காரணம்தான். இன்னொன்றை இப்போதுதான் சொல்கிறேன். என்னைப் பற்றி யாரும் அதுவரை அப்படியெல்லாம் சொன்னதில்லை. நான் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அதைத்தான் படித்தேன். இன்றைக்கு எனக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பேன்.

அடுத்ததை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. டெங்கிலிலிருந்து ஒருவர் எழுதினார். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார், இருந்த ஒரே படமும் தோட்டத்தைக் காலி செய்து வந்தபோது தொலைந்துவிட்டது, ஐசியும் இல்லை. "உங்கள் பேஜில் இருக்கும் அம்மா மாதிரியேதான் எங்கள் அம்மா இருப்பார் என்று அக்கா சொல்கிறார். அந்தப் படத்தையே பெரிதாகச் செய்து தர முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியாது என்று எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் முடியும் என்று எழுதினேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்த்து மட்டும் செய்யவில்லை. அத்தனை முகங்களில் என் முகம் போதும் என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா வெளியே ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்த பகலில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். படத்தின் கீழே எழுத வேண்டிய பெயரையும் தேதிகளையும் அவர் அனுப்பியிருந்தார். எத்தனையோ பேருக்கு எழுதிய அதே தூரிகையால் என் முகத்துக்குக் கீழே அந்தப் பெயரை எழுதினேன். தோற்றம் எழுதினேன். மறைவும் எழுதினேன். எழுத்து மிக அழகாக வந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காரணம் சொல்ல முடியும், நானும் சொல்லிப் பார்த்தேன். உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் உறையின் மேல் அப்பா பெயரும் உன் பெயரும் மட்டும் இருந்தது. மறந்திருப்பார்கள் என்றேன். அடுத்த வாரம் வேறொரு வீட்டிலிருந்து வந்ததும் அப்படியே. பாசாரில் எப்போதும் என்னோடு வம்பளக்கும் காய்கறிக்கார அக்கா மீதிக் காசை என் கையில் தராமல் தட்டில் வைத்தாள். "என்னக்கா, என்னத் தொட்டா ஒட்டிக்குமா?" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை. மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, "ரொம்பச் சில்லுனு இருக்கீங்க" என்றாள். ஸ்டூடியோவில் ஏர்கோன் என்றேன். அன்றைக்கு ஏர்கோன் கெட்டுப்போய் ரிப்பேருக்கு ஆள் வந்திருந்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கடைக்கு வருபவர்கள் நான் கேட்ட கேள்விக்கு அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். போனை எடுத்து ஹலோ என்றால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்ல முடியும்? சொன்னவர்களிடமும் அது எடுபடவில்லை. தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான்.

ஊரை விடு, உன் அப்பாவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கடையில் சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டுவாரே, ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே திரும்பி, கம்ப்யூட்டரில் தெரிந்த என் படத்துக்கும் காட்டினார். நான் பின்னால் நிற்கிறேன். மாலை போட்ட படத்தைக் கண்டால் கை தானாகப் போகும், அத்தனை வருஷப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணை மூடி நின்று காட்டினார். பிறகு ஒரு சாயங்காலம், மழை. தெர்மோஸிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார், ஒரே குவளை. எப்போதும் இரண்டு ஊற்றுவார். "எனக்கு?" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முரளி, கோபமாகப் பார்த்தால் தாங்கியிருப்பேன். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கவுண்டரில் ஆட்களைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம் தன் குவளையை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தத் தேத்தண்ணியை வெளியே கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவி வைத்தேன்.

அதற்குள் நீ வேலைக்குப் போயிருந்தாய், மறுநாள் உனக்கு அம்பாங்குக்குப் போன் செய்து பேஜை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய், வியாபாரம் போதும் என்றேன். எடுத்தாய். இரண்டு வாரத்தில் வேறு ஏதோ ஊர் ஸ்டூடியோவின் பேஜில் அதே நீலப்புடவை, அதே மாலை, அதே நான். லீவில் வந்தபோது நீ எனக்குக் காட்டிச் சிரித்தாய், "மா, நீங்க பேமஸ் லா" என்றாய். அதை எப்படி எடுப்பது என்று கேட்டேன். எடுக்க முடியாது என்றாய். அன்றைக்கு முடிவு செய்தேன், எல்லாப் படத்தையும் திரும்ப வாங்க முடியாவிட்டாலும் நானே பெயர் எழுதிக் கொடுத்த அந்த ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று. முகவரி என்னிடம் இருந்தது. அப்பாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி டெங்கிலுக்குப் போனேன். காலை பத்துப் பத்தரை இருக்கும், நல்ல வெயில். தோட்டத்தைக் காலி செய்தவர்களை வைத்திருந்த பலகை வீட்டு வரிசை. கதவைத் தட்டினேன்.

படம் கேட்டு எழுதியவர் உன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், சிவப்பு டீ-சட்டை போட்டிருந்தார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து அலறவில்லை, பின்வாங்கவில்லை. அதற்கு நான் தயாராகப் போயிருந்தேன், நான் ஸ்டூடியோக்காரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவர் உள்ளே திரும்பி, "இங்க பாரு, அம்மா வந்திருக்காங்க" என்று கூப்பிட்டார், அடுத்த தெருவிலிருந்து வந்தவளைச் சொல்வது மாதிரி. அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "வாங்க அத்தை" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். தலைக்கு நேர் மேலே நான் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தேன், கீழே சின்னத் தட்டில் இட்லி வைத்திருந்தது. எனக்கும் இட்லி வைத்தார்கள். நான் யார், ஏன் வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு பேசினார். "முன்னெல்லாம் அம்மா மொகம் சுத்தமா ஞாபகம் வராதும்மா. படம் வந்தப்புறம் எல்லாம் வருது. நீலப் பொடவ கட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. இந்தக் கையாலதான் தலைய வாரி விடுவாங்க" என்று என் வலது கையைக் காட்டினார். அந்தப் புடவை என் கல்யாணத்துக்கு என் அம்மா வாங்கிக் கொடுத்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் தலையை லேசாக என் பக்கம் சாய்த்தார். நான் கை வைத்தேன்.

படத்தைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், அந்த ஆளுக்கு இருப்பது அந்த ஓர் அம்மாதான். கிளம்பும்போது அவர் மனைவி, "மறுபடி எப்ப வருவீங்க அத்தை?" என்றாள். திவசம் எந்த மாதம் வரும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தேதியை எழுதியவளே நான்தானே. பஸ்ஸில் வரும்போது ஒன்றை நினைத்துத்தான் அழுதேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னிடமே, ஒரு வீட்டில் பேசினார்கள். அது அந்த வீடு. நம் வீடு இல்லை.

இப்போது உன் விஷயம். உன்னிடம் வரப்போகிற கடைக்காரர்களிடம் பெரிய விளம்பரம் செய்யச் சரக்கு இருக்காது. அவர்கள் முகம், அவர்கள் கை, வீட்டுக்காரி, பிள்ளை, இவைதான் இருக்கும். அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், நான் நீட்டின மாதிரியே, வெறும் சாம்பிள்தானே என்று சொல்லிக்கொண்டு. வாங்கிப் போடுவதற்கு முன்னால் படத்தில் இருக்கிறவரை நேரில் கூப்பிட்டுக் கேள். புருஷனைக் கேட்டுப் போடாதே, பிள்ளையைக் கேட்டுப் போடாதே. ஆர்டர் போனாலும் பரவாயில்லை.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். ரிசீவரிலிருந்து உன் குரல் எனக்கும் கேட்டது. அம்மா எங்கே என்று நீ கேட்கவில்லை. இந்தா அம்மாவிடம் பேசு என்று அவரும் தரவில்லை. "அப்பா, அம்மா படத்த நான் எடுத்துக்கட்டா?" என்றாய். போனவளின் பொருளை இருப்பவரிடம் கேட்கிற குரல் அது, கவுண்டரில் உட்கார்ந்து நான் ஆயிரம் முறை கேட்ட குரல். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

படத்தைத் தரமாட்டேன். வேண்டுமானால் வரும் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வா. வீட்டுப் புடவையில், தலை கலைந்து, உன்னைத் திட்டிக்கொண்டு இருக்கும்போது புதிதாக ஒன்று எடுத்துக்கொள், அதைப் போடு. காலையிலேயே வந்துவிடு. கதவை நான்தான் திறப்பேன். என்னைத் தாண்டி உள்ளே அப்பாவைத் தேடாதே. என் முகத்தைப் பார்த்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "மா" என்று கூப்பிடு. நான் "என்னடா" என்பேன். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா